அடைக்கலம் தந்த இலுப்பை



திருக்கோயிலை வலம் வருகையில் தலமரத்தின் அடியில் சற்றே நின்று வணங்குவது நம் வழக்கம். மஞ்சள் கயிறு கட்டுவோர் உளர்; அகல் ஏற்றுவோர் உளர்; அடிமண்ணை எடுத்து நெற்றியில் இடுவோரும் உளர். ஆயினும் அம்மரத்தை அண்ணாந்து நோக்குவோர் மிகச் சிலரே. நோக்கினால் அங்கே ஒரு சிற்றூரே குடியிருப்பது தெரியும். கிளி பொந்தில் வாழும். அணில் கவட்டில் கூடு கட்டும். எறும்பு இலைகளைத் தைத்து வீடமைக்கும். இவற்றுள் எதனிடமும் அம்மரம் வாடகை கேட்டதில்லை.

வந்தடைந்தோரைக் காக்கும் பொறுப்பையும், காக்கும்படி ஒப்படைக்கப்பட்ட பொருளையும் ‘அடைக்கலம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்தனர் நம் முன்னோர். கண்ணகியைக் கவுந்தியடிகள் மாதரியிடம் ஒப்படைத்த பகுதிக்குச் சிலப்பதிகாரத்தில் ‘அடைக்கலக் காதை’ என்றே பெயர். அடைக்கலம் காத்தல் மக்களுக்கு மட்டும் உரிய அறமன்று; மரங்களும் அதனைச் செய்கின்றன. இவ்வுண்மையை அடியேன் நூல்களில் பன்முறை படித்தேன். பள்ளியில் முப்பதாண்டு கற்பித்தேன். ஆயினும் உள்ளவாறு உணர்ந்தது, எம் கொல்லையில் நின்ற இலுப்பை வீழ்ந்த பின்னரே. அவ்வரலாற்றை ஈண்டு ஒளிவின்றி உரைக்க விழைகின்றேன்.

கொல்லை இலுப்பை

திருமறைக்காடு என்னும் வேதாரணியத்திற்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர் அடியேனது ஊர். எம் பாட்டனார் கைப்பட நட்ட இலுப்பை ஒன்று வீட்டின் பின்புறத்தே நின்றது. இருவர் கைகோத்தாலும் அடிமரம் அணைப்பில் அடங்காது.

இலுப்பையின் அருமையை இக்கால இளைஞர் அறியார். மாசி, பங்குனியில் இலையுதிர்க்கும். பின்னர்ச் செம்பு நிறத்தில் தளிர்க்கும். அக்காலத்தே கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். வெண்மஞ்சள் நிறமும், தடித்த இதழும், மிக்க இனிப்பும் உடைய அப்பூக்கள் இரவில் மணம் பரப்பி, விடியலில் தரை முழுதும் உதிர்ந்து கிடக்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்னும் பழமொழி பிறந்தது இவ்வினிமையால்தான். ஆனி, ஆடியில் பழுக்கும். கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் நெடுங்காலமாகத் திருக்கோயில் விளக்குகளில் எரிந்தது. பிண்ணாக்கு தலைமுழுகப் பயன்பட்டது. வைரம் பாய்ந்த மரம் தேர் செய்ய உதவியது. மயிலாடுதுறை வட்டாரத்தில் இலுப்பைப்பட்டு என வழங்கும் திருப்பழமண்ணிப்படிக்கரையில் இலுப்பையே தலமரம்.

எம் தாயார் ஆடி மாதத்தில் கொட்டை பொறுக்கிச் செக்கில் ஆட்டி, அவ்வெண்ணெயைக் கார்த்திகைத் தீபத்திற்கென எடுத்து வைப்பார். அவருக்குப் பின் என் இல்லாள் அதனைச் செய்து வந்தாள்.

மரத்தில் வாழ்ந்தோர்

அம்மரத்தில் எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன என்பதை எண்ணிச் சொல்ல இயலாது. மேற்கிளை ஒன்று என் இளமையிலேயே பட்டுப்போயிற்று. அதில் மரங்கொத்தி துளையிட்டுக் குடும்பம் நடத்தியது. அது விட்டுச் சென்ற துளையில் மறு ஆண்டு மைனா புகுந்தது. மற்றொரு பொந்தில் பச்சைக்கிளிகள் வாழ்ந்தன. பட்ட கிளை பயனற்றது என நாம் எண்ணுகின்றோம். பறவைகளுக்கோ அதுவே கட்டி முடிக்கப்பட்ட இல்லம்.

அடிமரத்தில், ஓர் ஆள் உயரத்திற்கு மேலே, முழங்கை நுழையும் அளவு ஒரு பொந்து இருந்தது. புள்ளி ஆந்தை இணை அதில் வாழ்ந்தது. மாலை விளக்கேற்றும் வேளையில் இரண்டும் வெளியே வந்து அருகருகே அமர்ந்து, தலையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் எம்மை நோக்கும். ஆந்தையைத் தீக்குறி என்று அஞ்சுவோர் நம்மிடையே உளர். வடநாட்டில் அதனையே திருமகளின் ஊர்தி என்று போற்றுகின்றனர். எலியையும் பூச்சியையும் உண்டு வயலைக் காக்கும் அவ்வுயிர் உழவர்க்கு நண்பன் என்பதே உண்மை.

பூக்காலத்து இரவுகளில் பழந்தின்னி வௌவால்கள் வரும். பூவின் தசையை உண்ணும்; பின்னர்ப் பழக்காலத்தில் பழத்தைக் கவ்விச் சென்று வேறிடத்தில் தின்று கொட்டையை உதிர்க்கும். உணவு தந்த மரத்திற்கு அவை தரும் கைம்மாறு அதுவே. அணில்களும் ஓணான்களும் முசுறு எறும்புகளும் உடன் வாழ்ந்தன. இரவில் ஓட்டின்மேல் நடக்கும் மரநாய் ஒன்றும் இருந்தது.

அடியேன் செய்த பிழை

2012ஆம் ஆண்டு கொல்லையின் தெற்கு எல்லையில் மதில் எழுப்ப எண்ணினேன். கடைக்கால் தோண்டியபோது தொடைப் பருமன் உள்ள மூன்று வேர்கள் குறுக்கிட்டன. கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டுத் திண்ணைக்கு வந்தார்.

“ஐயா, மரத்து வேர் குறுக்கே வருது. வெட்டிடலாமா? இல்லே, சுவரைக் கொஞ்சம் தள்ளிப் போடட்டுமா?”

அன்று மாலை அடுத்த ஊரில் ஒரு சொற்பொழிவு. அதற்கென நற்றிணையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நூலிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “வெட்டிவிடப்பா” என்றேன்.

எப்பாடலைப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகின்றேன். சிறுமியர் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்தது. அதற்கு நெய் கலந்த பாலூற்றி வளர்த்தனர். அம்மரம் உங்களினும் சிறந்தவள். உங்களுக்கு உடன்பிறந்தாள் முறையாவாள் என்றாள் அன்னை. ஆதலின் அம்மரத்தின் நிழலில் காதலனோடு நகையாடிப் பேச நாணுகின்றோம் என்று கூறுவதாக அமைந்தது நற்றிணை 172ஆம் பாடல். மரத்தை உடன்பிறந்தாளாகக் கண்ட பாட்டை மடியில் வைத்துக்கொண்டே, எம் பாட்டனார் நட்ட மரத்தின் காலை வெட்டச் சொன்னேன்.

அத்துடன் நிற்கவில்லை. மழைக்காலத்துச் சேறு காலில் ஒட்டாதிருக்க, மதில் முதல் கிணற்றடி வரை சிமெண்டுத் தளம் இட்டேன். “ஏங்க, மண்ணை எல்லாம் மூடிவிட்டால் மரம் எங்கே தண்ணீர் குடிக்கும்?” என்று என் இல்லாள் வினவினாள். வேர் ஆழத்தில் இருக்கும் என்று விடை கூறினேன். அவ்விடை தவறு. மரத்திற்கு உணவும் நீரும் ஊட்டும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியுள்ளது. அதற்கு நீரும் காற்றும் வேண்டும். இதனைப் பின்னரே கற்றேன்.

கஜா புயல்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் காற்று வீசியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பிள்ளையைப்போல் வளர்த்த தென்னைகளை ஓரிரவில் இழந்த உழவர்களின் துயர் சொல்லில் அடங்காது. அத்துயரின் முன் எம் இழப்பு சிறிதே.

எம் ஊரில் முதலில் வடதிசையிலிருந்து காற்று வீசியது. இலுப்பை அசைந்தது, சாயவில்லை. சற்றே ஓய்ந்த பின்னர்த் தென்திசையிலிருந்து திரும்பி அடித்தது. அப்பொழுது நிலம் அதிர்ந்தது. விடிந்து பார்க்கையில் மரம் வடக்கு நோக்கிக் கிடந்தது. வீட்டின்மேல் விழவில்லை; போகும்போதும் எமக்கு அது தீங்கிழைக்கவில்லை.

வேர்க்குழியை உற்று நோக்கினேன். வடபுறத்து வேர்கள் நீண்டு, ஈரமாய், முறிந்த இடம் வெளுத்திருந்தன. தென்புறத்தில் மதிலருகே மூன்று வேர்களும் குட்டையாய், கறுத்து, உளுத்துக் கிடந்தன. காற்று வீசும் பக்கத்து வேரே கயிறுபோல் இழுத்துப் பிடித்து மரத்தை நிறுத்தும் என்பர். தென்காற்று வந்தபோது பிடித்து நிறுத்தத் தென்புறத்தில் வேரில்லை. ஊரார் அனைவரும் புயலைப் பழித்தனர். அடியேனால் அவ்வாறு பழிக்க இயலவில்லை.

அன்று பகல் முழுதும் அவ்விரு ஆந்தைகளும் மதில்மேல் வெயிலில் அமர்ந்திருந்தன. காகங்கள் கூடிக் கொத்தின. மாலையில் அவை பறந்து சென்றன. இரண்டு மூன்று நாள் விளக்கேற்றும் வேளையில் வந்து, மரம் நின்ற இடத்தருகே அமர்ந்தன. பின்னர் வரவில்லை. அடுத்த பங்குனியில் ஓரிரவு வௌவால்கள் வந்தன. பூவிருந்த வானத்தை இருமுறை வட்டமிட்டு அகன்றன. அவ்விரவு என் இல்லாள் உறங்கவில்லை, அடியேனும் உறங்கவில்லை.

நூல்கள் காட்டும் நெறி

நம் பழநூல்கள் இவ்வறத்தை எத்துணை நுட்பமாக உணர்ந்திருந்தன என்பதை நோக்குக. ஒரு மரம் மருந்தாகப் பயன்படினும், அம்மரம் சாகும்படி மக்கள் மருந்து கொள்ளமாட்டார் என்னும் கருத்து நற்றிணை 226ஆம் பாடலில் உளது. பயன்கொள்ளுதல் குற்றமன்று, வேரோடு அழியும்படி கொள்ளுதலே குற்றம் என்பது அதன் உட்பொருள். பறம்பு மலைத் தலைவன் பாரி, பற்றுக்கோடின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே ஈந்தான். அடைக்கலம் புகுந்த புறாவின்பொருட்டுத் தன் தசையை ஈந்த மன்னனைச் சோழர் தம் குலமுதல்வன் என்று பெருமையுடன் பேசினர்.

தல வரலாறுகளும் இதனையே உணர்த்துகின்றன. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளிய இறைவன்மேல் சருகு உதிராதபடி சிலந்தி ஒன்று வலை பின்னிற்று. அதுவே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாயிற்று. எம் திருமறைக்காட்டு வரலாறு இன்னும் வியப்புடையது. அணையும் நிலையிலிருந்த திருவிளக்கின் நெய்யை உண்ண வந்த எலி ஒன்று தன்னையறியாமல் திரியைத் தூண்டிவிட்டது. விளக்கு சுடர்ந்தது. அறியாது செய்த அத்திருப்பணிக்காக அது மறுபிறப்பில் மாவலி மன்னனாகப் பிறந்தது என்பர். கோயிலில் எலிக்கும் இடமிருந்தமையால் அன்றோ அவ்விளக்கு அணையாது நின்றது?

மரம் மறைந்தால் பெயர் மட்டுமே எஞ்சும் என்பதற்கும் சான்று உண்டு. தில்லை மரங்கள் நிறைந்திருந்தமையால் சிதம்பரம் தில்லை எனப்பட்டது. இன்று அம்மரங்களைக் காடாகக் காண விழைவோர் கடலோரத்துப் பிச்சாவரம் செல்ல வேண்டும். கடம்பவனம் எனப்பட்ட மதுரையில், மீனாட்சியம்மன் திருக்கோயிலினுள் பழங்கடம்பின் எஞ்சிய பகுதியைப் போற்றிக் காத்து வருகின்றனர்.

இக்காலத்தும் இவ்வறம் அற்றுப்போகவில்லை. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் ஊருக்குள், வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சமும் நாற்றமும் பொறுத்து ஊரார் அவற்றைக் காக்கின்றனர். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகள் அஞ்சுமென்று, கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. அவர்கள் கற்றறிந்த பண்டிதர் அல்லர். அடியேன் படித்ததை அவர்கள் செய்கின்றனர்.

நாம் செய்யத்தக்கன

ஒரு மரம் போனால் ஒரு கன்று நட்டால் போதும் என்பர். நடுதல் நன்றே, ஆனால் அஃது ஈடாகாது. கன்றுக்குப் பொந்து இல்லை. கிளை முதிர்ந்து, பட்டு, உளுத்து, பறவை புகும் இல்லமாக ஒரு மனித வாழ்நாளே கழியும். ஆதலின் நிற்கும் முதுமரத்தைக் காத்தலே முதற்கடமை. பட்டறிவால் கற்றவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன்.

முதலாவது, மரத்தைச் சுற்றியுள்ள மண்ணைத் தளமிட்டு மூடாதீர்கள். கிளை பரந்துள்ள அளவேனும் மண் திறந்திருக்கட்டும்.

இரண்டாவது, மதிலுக்காக வேரை வெட்டாதீர்கள். மதிலைச் சற்றே வளைக்கலாம். மரத்தை வளைக்க இயலாது.

மூன்றாவது, தீங்கு விளைக்காத இடத்திலுள்ள பட்ட கிளையைப் பறவைகளுக்கு விட்டுவையுங்கள். தறித்தே ஆகவேண்டுமெனின் பொந்துகளைப் பார்த்து, முட்டையும் குஞ்சும் இல்லாத காலத்தில் தறியுங்கள்.

நான்காவது, மரம் வீழ்ந்துவிடின் முழுவதையும் ஒரே நாளில் அகற்றிவிடாதீர்கள். உளுத்த பகுதி கிடந்தால் ஓணானும் வண்டும் வாழும். மண்ணும் வளம் பெறும்.

ஐந்தாவது, நம் நாட்டு மரங்களை நடுங்கள். இலுப்பை, புன்னை, நாவல், மருதம், அத்தி, வேம்பு ஆகியன பல்லுயிர்க்கும் உணவும் இடமும் தருவன. இலுப்பை விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் இழக்கும். பழம் உதிர்ந்தவுடன் விதைத்துவிட வேண்டும்.

வாய்க்கால் கரைக் கன்று

எம் இலுப்பையின் உளுக்காத நடுமரத்தை ஊர்க்கோயில் திருப்பணிக்கு அளித்தோம். பொந்துள்ள பகுதியைக் கொல்லையிலேயே கிடக்க விட்டோம். தளத்தை உடைத்து மண்ணைத் திறந்தோம். கிணற்றடிப் புன்னையில் வாய் குறுகிய மண்கலயங்கள் இரண்டைக் கட்டினோம். மறு ஆண்டே ஒன்றில் மைனா குடியேறியது. ஆந்தைகள் மட்டும் திரும்பவில்லை.

2019ஆம் ஆண்டு ஆடி மாதம். கொட்டை பொறுக்க மரமில்லாத முதல் ஆடி அது. மதிலுக்கு அப்பால் வாய்க்கால் கரைக்குப் பூப்பறிக்கச் சென்ற என் இல்லாள், “ஏங்க, இங்கே வந்து பாருங்கள்” என்று அழைத்தாள். காரைப்புதரின் அடியில் ஒரு முழ உயரத்தில் ஒரு கன்று. நுனியில் செம்பு நிறத் தளிர். ஓர் இலையைக் கிள்ளினாள், பால் வடிந்தது. இலுப்பையேதான்.

அங்கே எவரும் விதைக்கவில்லை. காற்றில் பறக்கும் விதையும் அன்று அது. முந்தைய ஆடியில் வௌவால் ஒன்று எம் மரத்துப் பழத்தைக் கவ்விச் சென்று, தின்று, கொட்டையை அங்கே உதிர்த்திருக்க வேண்டும். திருமறைக்காட்டு எலி தன்னையறியாமல் விளக்கைத் தூண்டியது. இவ்வௌவாலும் தன்னையறியாமல் எம் குலமரத்தின் சுடரை அணையாது வைத்தது. வேர் அறுத்த அடியேனுக்குத் தோன்றாத கைம்மாறு, அம்மரத்தில் உண்டு வாழ்ந்த சிற்றுயிரால் நிகழ்ந்தது.

அக்கன்றைப் பெயர்த்துக் கொல்லையில் நடவேண்டும் என்று எண்ணினேன். இல்லாள் தடுத்தாள். ஆணிவேர் இறங்கிய கன்றைப் பெயர்த்தால் பிழைத்தல் அரிது. மீண்டும் ஒருமுறை வேரில் கை வைக்க வேண்டா என்றாள். இம்முறை நூலை மூடிவைத்துவிட்டு அவள் சொல்லைக் கேட்டேன். முள்வேலி இட்டு, மூன்று கோடை குடம் சுமந்து நீரூற்றினோம். இன்று அது என் தலையுயரம் கடந்து நிற்கின்றது.

அது பூப்பதை யாம் காண்போமா என்பது இறைவன் திருவுளம். அதன் கிளை பட்டுப் பொந்தாகி, அதில் ஓர் ஆந்தை இணை அமர்ந்து மாலை விளக்கை நோக்கும் காலத்தில் அடியேன் இரேன் என்பது உறுதி. எம் பாட்டனாரும் தாம் நட்ட மரத்தின் பொந்தைக் கண்டதில்லை. காணாத விருந்தினர்க்காக இடம் அமைத்தலே அடைக்கலத்தின் முழுமை போலும்.

அன்பர்களே, இன்று திருக்கோயிலினின்று புறப்படுமுன் தலமரத்தடியில் ஒரு கணம் நில்லுங்கள். வணங்கியபின் அண்ணாந்து பாருங்கள். இல்லம் சென்று உங்கள் கொல்லையில், தெருவில் நிற்கும் முதுமரத்தையும் அவ்வாறே பாருங்கள். அதன் அடியில் மண் திறந்துள்ளதா என்று நோக்குங்கள். மூடியிருப்பின் ஒரு சாண் அளவேனும் உடைத்து, ஒரு குடம் நீர் ஊற்றுங்கள். எல்லாவுயிர்க்கும் புகலிடமாய் நிற்கும் இறைவனுக்கு அதுவும் ஒரு திருமஞ்சனமே.

எல்லாவுயிரும் இன்புற்று வாழத் திருமறைக்காட்டு இறைவன் திருவடிகளை இறைஞ்சுவோமாக!